கிழமை தெரிந்த வண்டி

அந்தச் சேர்ல உக்காராதிய, ஒரு கால் ஆடும். இப்படி எம் பக்கத்துல வாங்க. பைய மடியில வச்சிக்கிடுங்க. கீழ வச்சா தொடைக்க வாறவ தண்ணியோட சேத்துத் தள்ளிட்டுப் போயிருவா.

நான் வாச்மேன்கிட்ட சத்தம் போட்டப்ப நீங்க ஒதுங்கி நின்னதப் பாத்தேன். பயப்படாதிய. நான் பாக்குற ஆளுகிட்ட எல்லாம் சண்டை போடுதவ இல்ல. லேட்டாத்தான் வந்தோம், ஒத்துக்கிடுதேன். ஆனா நடக்க முடியாத ஆளக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வாரேன், வீல்சேரக் கொண்டாப்பான்னா, "நேரத்துக்கு வந்திருந்தா கெடச்சிருக்கும்மா"ங்கான். நேரத்துக்கு வரக் கூடாதுன்னு நாங்க என்ன வேண்டுதலா வச்சிருக்கோம்? வண்டி நடுரோட்டுல நின்னு போச்சுய்யான்னு சொன்னா சிரிக்கான். எனக்கு வந்துச்சு பாருங்க.

வண்டின்னு யாராவது சொன்னாலே எனக்கு இப்பல்லாம் மண்டைக்கு ஏறிருது.

உங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்குத்தான் மொத தடவையா? அப்படியா. உள்ள நாலு மணி நேரம் ஆகும். கண்ணாடி வழியா எட்டிப் பாத்துக்கிட்டே நிக்காதிய. அவங்களுக்கும் பிடிக்காது, நமக்கும் காலு கடுக்கும். உக்காருங்க. பேசிக்கிட்டு இருந்தா நேரம் போகும்.

நாங்க வீரவநல்லூர். எங்க வீட்டுக்காரவுக பேரு பிரம்மநாயகம். என் பேரு வடிவு. இவுக பஸ் டிரைவரு. பாபநாசத்துக்கும் திருநவேலிக்கும் காலம் பூரா ஓட்டினவுக. ரிட்டயர்டு ஆகி வீட்டுல உக்காந்த கொஞ்ச நாள்ல சுகர் முத்திப் போய் கிட்னி ரெண்டும் போச்சு. இப்ப செவ்வா, வியாழன், சனி இங்க வந்தாகணும். மெஷின்ல போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்ணிக் கூட்டிட்டுப் போனா அன்னைக்கு முழுக்கப் பிழிஞ்சு போட்ட துணி மாதிரிக் கெடப்பாவ. மறுநாள் எந்திரிச்சு உக்காந்து பேப்பர் படிப்பாவ. அதுக்கு மறுநாள் திரும்பியும் இங்க. இப்படித்தான் ஓடுது. உங்களுக்கும் இப்படித்தான் ஓடும், பழகிரும்.

கார் இவுக சம்பாத்தியம். வெள்ளைக் கார், பழசு. ரிட்டயர்டு ஆகுறதுக்கு முந்தியே ஒரு டாக்டர்கிட்ட இருந்து வாங்கினது. அதுல ஒரு தூசி இருக்கக் கூடாது. நான் கதவ ஓங்கிச் சாத்தினா போதும், ரெண்டு நாளைக்கு அதையே சொல்லிக் காட்டுவாவ. பெறகு டாக்டரு சொல்லிட்டாரு, கண்ணும் மங்கலா இருக்கு, பிரஷர் திடீர்னு இறங்குது, இனி ஸ்டியரிங்கத் தொடக் கூடாதுன்னு. மகன் நயினார் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கான், வாரத்துல மூணு நாள் அவன் வந்து ஓட்டவா முடியும்? நான் டிரைவிங் ஸ்கூல் போனேன். இந்த வயசுல. காலேஜ் படிக்கிற பிள்ளைக நடுவுல சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். ஊர்ல ஒருத்தரும் பாராட்டல. இவுகளும் பாராட்டல. லைசென்சக் கையில குடுத்தேன், போட்டோவப் பாத்துட்டு, "கிளட்ச மிதிச்சே தேச்சிருவ"ன்னாவ. அவ்வளவுதான் வாழ்த்து.

பக்கத்து சீட்டுல உக்காந்து வருவாவ. ஒரு மணி நேரம் ரோடு. நானும் வாய மூடிக்கிட்டு வர மாட்டேன், சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேதான் வருவேன். நேத்து ஏன் ரெண்டு தம்ளர் தண்ணி கூடக் குடிச்சிய, உப்புப் போடாத கொழம்ப ஏன் ஒதுக்கினிய, காலு ஏன் இப்படி வீங்கியிருக்கு. நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? இவுக ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுவாவ. எதுத்தாப்ல வாற பஸ் டிரைவர்கள்ல பழைய ஆளுக சில பேரு இவுகளப் பாத்ததும் லைட்டப் போட்டுக் கையத் தூக்குவாங்க. இவுக கையத் தூக்க மாட்டாவ. தலையக் குனிஞ்சு மடியப் பாத்துக்கிடுவாவ. மரியாதை குடுக்கிறவங்களுக்குத் திரும்ப ஒரு கை தூக்கினா என்ன கொறைஞ்சு போயிரும்? அந்தத் திமிரு.

இந்த வருசம் பங்குனியில ஒரு வியாழக்கிழமை. சாவியத் திருகுதேன், வண்டி கெளம்பல. 'டக்'குன்னு ஒரு சத்தம், பெறகு ஒண்ணும் இல்ல. உள்ள லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது, இஞ்சின் மட்டும் அசைய மாட்டேங்குது. இவுக பக்கத்துலதான் இருக்காவ. "என்னங்க, என்னன்னு பாருங்க"ன்னேன். "எனக்கு என்ன தெரியும், மெக்கானிக்கக் கூப்புடு"ங்காவ.

கேட்டியளா? எனக்கு என்ன தெரியுமாம். தெருவுல ஒரு லாரி போனா சத்தத்த வச்சே "செகண்ட் கியர் பல்லு தேஞ்சிருக்கு"ன்னு சொல்லுத மனுசன். எனக்கு அன்னைக்கே உறைச்சிருக்கணும். உறைக்கல. முடியாத ஆளு, மனசு விட்டுப் போச்சு போலன்னு நெனச்சேன்.

பீர்முகமதுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். கூப்புட்டேன். அவன் வந்து சேரும்போது மத்தியானம். பானட்டத் தொறந்து எதையோ ஆட்டினான், முறுக்கினான், கெளம்பிருச்சு. "பேட்டரி பழசுக்கா, மாத்திருங்க"ன்னான். அதுக்குள்ள இங்க இவுக நேரத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அன்னைக்கு டயாலிசிஸ் போச்சு. நான் கெடந்து தவிக்கேன், இவுக என்ன செஞ்சாவ தெரியுமா? நெதானமா ஷேவ் பண்ணிக்கிட்டாவ. சலவைச் சட்டை போட்டுக்கிட்டு முக்குக் கடை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தாவ. மோர்ச்சோறு சாப்பிட்டு, பேப்பர்ல குறுக்கெழுத்துப் போட்டு முடிச்சு, "நல்ல காத்து வருது"ன்னு சொல்லிட்டுப் படுத்துத் தூங்கினாவ. எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்?

புதுப் பேட்டரி போட்டோம். சனிக்கிழமை ஒழுங்கா வந்துட்டோம். அடுத்த செவ்வாக்கிழமை மறுபடியும் 'டக்'.

இந்தத் தடவ பீர்முகமது எலின்னான். எலி ஏதோ வயரக் கடிச்சிருக்கும்க்கான்னான். எங்க கடிச்சிருக்குன்னு காட்டுன்னா காட்டத் தெரியல. நான் பொகையெல வாங்கிப் பானட்டுக்குள்ள போட்டேன், அந்துருண்டை வாங்கித் துணியில கட்டித் தொங்க விட்டேன். வண்டிக்குள்ள உக்காந்தா மூச்சு முட்டும். எலி செத்துச்சோ என்னமோ, நாங்க சாகாதது பெரிசு. அதுக்கு அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் கெளம்பல. ஸ்டார்ட்டர் மோட்டாரக் கழட்டிக் கொண்டு போனான். மாட்டினான். மறுபடியும் கெளம்பல. ஒவ்வொரு தடவையும் வந்து ஒரு முறுக்கு முறுக்குவான், ஓடும். கேட்டா, "பேட்டரியில வயரு மாட்டுற டெர்மினல் நெட்டு லூசா இருந்துச்சுக்கா"ம்பான்.

நீங்களே சொல்லுங்க. லூசா இருந்துச்சுன்னா அதப் போன தடவ முறுக்கினது யாரு? இவன்தான. அப்ப இவன் ஒழுங்கா முறுக்கலன்னுதான அர்த்தம்? ஒர்க்‌ஷாப்புக்கே போயிட்டேன். நாலஞ்சு பேரு வண்டியோட நிக்காங்க. "ஒரு நெட்டு முறுக்கத் தெரியாத நீயெல்லாம் எதுக்குப்பா போர்டு மாட்டி வச்சிருக்க"ன்னு கேட்டேன். பாவி மனுசன் கையத் தொடச்சிக்கிட்டே, "அல்லா மேல சத்தியமா இறுக்கித்தான்க்கா முறுக்கினேன்"ங்கான். "சத்தியம் பண்ணினா நெட்டு இறுகிருமா"ன்னு கேட்டேன். அன்னைக்குப் பெறகு நான் கூப்புட்டா போன எடுக்கல. பெறகு வண்டி மக்கர் பண்ணினா, மறுநாள் திருகும்போது தானாக் கெளம்பிக்கிடும்.

பெறகு எனக்கு ராஜகனி மேல சந்தேகம் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரரு, போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவரு. எங்க கார அவரு காம்பவுண்டு ஓரமா நிறுத்துதோம்னு அவருக்கு ரொம்ப நாளா காந்தல். ரெண்டு தடவ கேட்டும் இருக்காரு, "கொஞ்சம் தள்ளிப் போடுங்களேம்மா"ன்னு. இவருதான் வாக்கிங் போற சாக்குல வந்து எதையோ நோண்டிட்டுப் போறாருன்னு எனக்குத் தோணிச்சு. கேட்டுட்டேன். அவரு வீட்டு வாசல்ல நின்னு, தெரு பாக்க, கேட்டுட்டேன். "நோயாளியக் கூட்டிட்டுப் போற வண்டியில கைய வைக்க உங்களுக்கு எப்படி மனசு வருது"ன்னேன். அந்த மனுசன் உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு. அவரு வீட்டம்மா ஸ்டெல்லா எனக்கு நல்ல சிநேகிதி, கிறிஸ்மஸ்க்கு கேக்கு குடுத்து விடுவா. இப்ப தெருவுல பாத்தா எதிர்ப்பக்கம் நடந்து போறா.

கெளம்பாத நாள்ல எல்லாம் ஆட்டோவப் புடிச்சு, பஸ்ஸப் புடிச்சு எப்படியோ கொண்டு வந்து சேத்துருவேன். ஆனா ஒரு வாரம் வியாழக்கிழமையும் போச்சு, சனிக்கிழமையும் போச்சு. வியாழன் மழை, ஆட்டோ கெடைக்கல. சனிக்கிழமை இவுகளே, "எனக்கு ஒண்ணும் செய்யல வடிவு, நல்லாத்தான் இருக்கேன், செவ்வாக்கிழமை போய்க்கிடலாம்"னாவ. நானும் ஓடி ஓடி அலுத்துப் போய் சரின்னுட்டேன். திங்கக்கிழமை விடியும்போது எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு மூச்சு விட முடியாம இழுக்காவ. நெஞ்சுக்குள்ள தண்ணி. ஆம்புலன்ஸ்லதான் கொண்டு வந்தோம். இங்க இருக்க ஒரு சிஸ்டர், இந்தா உள்ள போறால்லா கண்ணாடி போட்டவ, அவ எல்லாரு முன்னாலயும் என்னையத்தான் கேட்டா. "பேஷண்டக் கொன்னுருவீங்க போல இருக்கே, கூட இருக்கவங்களுக்குப் பொறுப்பு வேண்டாமா"ன்னு கேட்டா. நான் பொறுப்பு இல்லாதவளாம். எனக்கு அந்தச் செவத்துல முட்டிக்கிடலாம்னு இருந்துச்சு.

அன்னைக்கு இவுகள உள்ள போட்டுட்டு இங்கதான், இதே சேர்ல உக்காந்திருந்தேன். உக்காந்து யோசிச்சேன். ஏன் கெளம்பல, ஏன் கெளம்பலன்னு. வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போனேன், கெளம்புச்சு. ஞாயித்துக்கிழமை அம்பையில கல்யாணம், ஒரே திருகு, கெளம்புச்சு. ரேஷன் கடைக்குப் போனேன், கேஸ் ஆபீசுக்குப் போனேன். எல்லாத்துக்கும் கெளம்பின வண்டி செவ்வா, வியாழன், சனின்னா மட்டும் 'டக்'குங்குது. எல்லாச் செவ்வாயும் இல்ல, எல்லாச் சனியும் இல்ல. ஆனா மக்கர் பண்ணினது பூரா இந்த மூணு கிழமையிலதான்.

வண்டிக்கு எப்படிங்க கிழமை தெரியும்?

எங்க நாத்தனாகிட்ட போன்ல சொன்னேன், அவ செய்வினைங்கா. எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லுதா. அட போட்டீன்னு வச்சிட்டேன். கிழமை மனுசனுக்குத்தான் தெரியும். யாரோ கை வைக்காங்க. ராஜகனிதான், கையும் களவுமாப் புடிச்சிரணும்னு முடிவு பண்ணினேன்.

இவுக தேறி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். திங்கக்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கல. "கோயிலுக்குப் போயிட்டு வாரேன், வர நேரமாகும்"னு ராஜகனி வீட்டுக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லிட்டுக் கெளம்பினேன். முக்கு வரைக்கும் போயிட்டு, பின் தெரு வழியாத் திரும்பி வந்து எங்க வீட்டுச் சந்துல நின்னுக்கிட்டேன்.

கார் பானட்டு தொறந்திருக்கு. இவுக நிக்காவ.

பாத்ரூமுக்குப் போகச் செவத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கிறவுக. சோத்துத் தட்டத் தூக்கினா கை ஆடுதுன்னு நான் ஊட்டி விட்டிருக்கேன். அவுக வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையில ஸ்பேனரோட நிக்காவ. கை ஆடவே இல்ல. நெட்டக் கொஞ்சம் இளக்குதாவ, வயர விரலால அசைச்சுப் பாக்காவ, மறுபடியும் லேசா ஒரு முறுக்கு. பாத்தா இறுகின மாதிரி இருக்கணும், லைட்டு எரியணும், ஹாரன் அடிக்கணும், இஞ்சினச் சுத்துற அளவுக்கு மட்டும் கரண்டு போகக் கூடாது. அந்தப் பதத்துக்குக் கொண்டு வாராவ. மொகத்தப் பாத்தேன். எவ்வளவு நாளாச்சு அந்த மொகத்தப் பாத்து. ஏதோ பாட்ட முணுமுணுக்காவ.

"என்ன செய்யுதிய?"ன்னேன்.

திடுக்கிடல. பானட்ட மெதுவா எறக்கி, ஓரத்துல கைய வச்சு அமுக்கினாவ. "பாத்துட்டியா"ன்னாவ.

"எத்தன நாளா இது?"

"மொதல்ல இருந்தே."

"அப்ப அந்தப் பழைய பேட்டரி?"

"நல்ல பேட்டரி. இன்னும் ரெண்டு வருசம் வந்திருக்கும்."

என் நெலமைய யோசிச்சுப் பாருங்க. மெக்கானிக்க நாலு பேரு முன்னால கேட்டிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரரத் தெரு பாக்கக் கேட்டிருக்கேன். ஆஸ்பத்திரியில என்னையப் பொறுப்பில்லாதவன்னு சொல்லிட்டா. இந்த மனுசன் இத்தனையும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரிக் குறுக்கெழுத்துப் போட்டிருக்காவ.

"சாகணும்னு இருக்கியளா? சொல்லுங்க, சாகணும்னு இருக்கியளா?"ன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். ராஜகனி வீட்டு ஜன்னல் தொறந்துச்சு.

"சாகணும்னு இல்ல வடிவு. ஒரு நாள் அங்க போகாம இருக்கணும்னு."

"போகலைன்னா என்ன ஆகும்னு பாத்தோம்லா?"

"பாத்தோம்."

"பெறகும் போய் இளக்குதிய."

வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டாவ.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? வாயில்லையா? வரலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா விடுவியா?"

"விட மாட்டேன்."

"அதான்"னாவ. "நான் சொன்னா நீ கேக்க மாட்ட. வண்டி சொன்னா கேப்ப."

பேச்சப் பாத்தியளா. நான் என்ன இவுகளத் தூக்கிட்டுப் போய்ச் செறையிலயா போடுதேன்? உசிரோட இருக்கணும்னு கூட்டிட்டு வாரேன். அதுக்கு நான் சொன்னாக் கேக்காதவளாம்.

அன்னைக்கு ராத்திரி சோறு வச்சேன், பேசல. மறுநாள் காலையில நானே டெர்மினல முறுக்கி, நானே கூட்டிட்டு வந்தேன். வழி பூரா பேசல. நான் பேசாம வந்தா இவுகளுக்கு நிம்மதியாத்தான் இருந்திருக்கும், அது பெறகுதான் தோணிச்சு. அன்னையில இருந்து ஸ்பேனர் என் ஹேண்ட்பேக்லதான் இருக்கு. இந்தா பாருங்க, பத்தாம் நம்பர். சாயங்காலம் ஒரு தடவ, காலையில ஒரு தடவ நான் முறுக்கிப் பாத்துருவேன். வீட்டுல வேற ஸ்பேனர் கெடையாது, எல்லாத்தையும் பழைய இரும்புக்காரங்கிட்ட போட்டுட்டேன். அதப் போடும்போது மட்டும் இவுக மொகம் ஒரு மாதிரி ஆச்சு. ஆகட்டும்.

பீர்முகமதுகிட்டப் போய்ச் சொன்னியான்னு கேப்பிய. எதுக்குச் சொல்லணும்? அவன் தப்பு இல்லதான். ஆனா தொழில் தெரிஞ்சவன்னா, திரும்பத் திரும்ப ஒரே நெட்டு எப்படி இளகுதுன்னு அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? ராஜகனியும் செய்யல. ஆனா செய்யக்கூடிய ஆளுதான்.

மகன்கிட்ட அழுதேன். அவன் என்னையத் திட்டுவான் இல்ல அப்பாவத் திட்டுவான்னு பாத்தா, "அப்பாவுக்கு என்ன வேணும்னு நீ கேட்டியாம்மா"ங்கான். ஓசூர்ல உக்காந்துக்கிட்டு. டாக்டரு, அந்தச் சின்ன வயசு டாக்டரு, அவரும் இதையேதான் சொல்லுதாரு. "அவரையும் வச்சுப் பேசலாம்மா. தொடர்ந்து வரணுமா, எவ்வளவு வரணும், அவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும்ல." அபிப்பிராயம். என்னங்க இது, சட்டைக்குக் கலரு பாக்குற விசயமா? இவங்களுக்கு என்ன, பேசிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. அந்த வீட்டுல பெறகு தனியா இருக்கப் போறது யாரு?

சொல்லிட்டேன் டாக்டர்கிட்ட. "அவுக கிட்ட கேக்க ஒண்ணும் இல்ல சார், நான் கூட்டிட்டு வருவேன்"னு.

அப்படித்தான் கூட்டிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். இவுகளும் மொரண்டு புடிக்கல. நான் எந்திரிக்க முந்தி எந்திரிச்சு, குளிச்சு, கார்ல போய் உக்காந்து பெல்ட்டு போட்டுக்கிட்டு இருப்பாவ. "வாங்க"ன்னு கூப்புட வேண்டிய வேலையே இல்ல. அந்தப் பணிவு இருக்கு பாருங்க, அதுக்கு நெட்ட இளக்கிட்டுப் பாட்டுப் பாடினதே தேவலைன்னு இருக்கும் சில நேரம்.

இன்னைக்கு வியாழக்கிழமையா, காலையில என்ன நடந்துச்சு கேளுங்க.

நல்லாத்தான் வந்தோம். பத்தமடை தாண்டியாச்சு, முன்னீர்பள்ளம் இன்னும் வரல. ரெண்டு பக்கமும் வயக்காடு. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இழுவை இல்லாமப் போய், ஓரத்துல நின்னு போச்சு. திருகுதேன். இந்தத் தடவ 'டக்' இல்ல. இஞ்சின் கரகரன்னு சுத்துது, ஆனா புடிக்க மாட்டேங்குது. நான் இறங்கிப் பானட்டத் தூக்கினேன். ஸ்பேனர எடுத்து டெர்மினலப் பாக்கேன், கல்லு மாதிரி இறுகியிருக்கு. எனக்கு வேற என்ன தெரியும்? தெரிஞ்சது அந்த ஒரு நெட்டு.

இவுக ஜன்னல எறக்கிட்டு, "நான் தொடல"ன்னாவ.

எனக்கு இருந்த ஆத்திரத்துல, "நம்பச் சொல்லுதியளா? இன்னும் எத்தன வயரு இருக்கு இதுக்குள்ள, எதப் புடுங்கினிய சொல்லுங்க"ன்னு கத்தினேன். ரோட்டுல போற பஸ்ஸு எல்லாம் ஒதுங்கிப் போகுது. ஒரு பைக்குக்காரன் நின்னு பாத்துட்டு, பொம்பளை கத்துறதக் கண்டு போயிட்டான். நான் பாட்டுக்குக் கத்திட்டு, கத்த முடியாம, அந்தப் பானட்டு மேலயே கையூணி நின்னுட்டேன். வெயில்ல தகரம் சுடுது. இவுக ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தாப் போதும். நேரம் போயிரும். நேரம் போனா டயாலிசிஸ் போயிரும். இவுக கேட்ட அந்த ஒரு நாளு, யாரும் இளக்காம, தானா வந்து நிக்குது.

கதவு தொறக்குற சத்தம் கேட்டுச்சு. வண்டியப் புடிச்சுப் புடிச்சுச் சுத்தி வந்தாவ. "உள்ள போய்ச் சாவிய மட்டும் போடு, ஸ்டார்ட் பண்ணாத"ன்னாவ. போட்டேன். பின் சீட்டுப் பக்கம் காத வச்சுக் கேட்டாவ. "இன்னொரு தரம்." போட்டேன். "பெட்ரோல் பம்பு சத்தம் வரல. சாவி போட்டதும் ரெண்டு செகண்டு 'ங்ஙொய்'ன்னு வரணும். பியூஸ் போயிருக்கும், நகரு"ன்னாவ.

ஸ்டியரிங்குக்குக் கீழ, முட்டுக்கு மேல பியூசுக்குன்னு ஒரு சின்னப் பெட்டி இருக்காம். எனக்குத் தெரியாது. ரோட்டுல முட்டி போட்டு உக்காந்தாவ. அந்தக் காலு வீக்கத்தோட. டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்குன்னு ஆப்பரேஷன் பண்ணி பிஸ்டுலா போட்ட இடது கைய நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டு, ஒத்தக் கையால தடவித் தடவி ஒண்ணப் புடுங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாவ. நீலக் கலர்ல, பொத்தான் மாதிரி இருந்துச்சு. நடுவுல கருகியிருக்கு. "அடுத்தாப்ல ஹாரனுக்கு இதே சைஸ்தான்"னு சொல்லி ஹாரன்ல இருந்ததப் புடுங்கி இதுல சொருகினாவ. "இப்ப அடி"ன்னாவ. ஒரே அடி. புடிச்சிருச்சு. இங்க வரைக்கும் ஹாரன் இல்லாமத்தான் வந்தோம்.

எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? அப்ப எல்லாமே தெரியும் இந்த மனுசனுக்கு, அன்னைக்கு "எனக்கு என்ன தெரியும்"னு சொன்னாவளேன்னுதான் மொதல்ல தோணிச்சு. கேட்டும் போட்டேன். "உங்களுக்குத்தான் போக வேண்டாமே, பெறகு எதுக்கு ரிப்பேர் பண்ணினிய?"

வேட்டியில ஒட்டின மண்ணத் தட்டிக்கிட்டே ஏறி உக்காந்தாவ. மூச்சு வாங்குச்சு. "நீ ரோட்டுல பானட்டத் தொறந்து வச்சிக்கிட்டு அப்படி நிக்கத என்னால பாக்க முடியல"ன்னாவ.

இஞ்சின் ஓடுது. நான் கியரு மேல கைய வச்சிக்கிட்டு இருக்கேன், போட வரல. இந்தப் பக்கம் போனா ஆஸ்பத்திரி. திருப்பினா வீடு. எனக்கு என்ன வந்துச்சோ, யாரு கேக்க வச்சாவளோ, வாய்ல இருந்து வந்துருச்சு. "எந்தப் பக்கம் போக?"ன்னு கேட்டுட்டேன். கேட்ட பெறகுதான் தோணிச்சு. வீட்டுக்குன்னு சொல்லிட்டா என்ன செய்ய?

இவுக என்னையத் திரும்பிப் பாத்தாவ. ஜன்னலப் பாக்கல, என்னையப் பாத்தாவ. பெறகு நேரா ரோட்டப் பாத்துக்கிட்டு, "இன்னைக்குப் போவோம்"னாவ.

இன்னைக்குப் போவோமாம். 'போவோம்'னு சொன்னா முடிஞ்சு போச்சுல்லா, அது என்ன 'இன்னைக்கு'? அந்த வாச்மேன்கிட்ட நான் கத்தினது வீல்சேருக்கா? எனக்கே தெரியல. வந்ததுல இருந்து அந்த ஒரு வார்த்தைதான் உள்ள கெடந்து சுத்துது. கோவம் கோவமா வருது எனக்கு. சனிக்கிழமையும் கேக்கணும்லா. ஒரு தடவ கேட்டுட்டுப் பெறகு கேக்காம எப்படி வண்டிய எடுக்க, சொல்லுங்க?